மண்டி லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போச்சு: எஸ்எஸ்டி மாற்றும் முன் டேலி டேட்டாவை எப்படி எடுப்பது?

விருதை_மண்டி:

வணக்கம். சித்தப்பாவின் பருப்பு மண்டியில் கணக்கு எழுதும் லேப்டாப் படுத்துவிட்டது. 2018இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கொஞ்ச காலமாகவே ஆன் செய்தால் டெஸ்க்டாப் வருவதற்குள் ஒரு லோடு இறக்கிவிடலாம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். போன வாரம் நீலத்திரை வந்தது. நேற்றிலிருந்து ஒரு தடவை விண்டோஸ் வருகிறது, மறு தடவை பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரையில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. காதை வைத்துக் கேட்டால் எப்போதாவது ஒரு ‘டிக்’.

டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா முழுக்க அதில்தான் இருக்கிறது. பென் டிரைவில் பேக்கப் உண்டு, ஆனால் தீபாவளிக்கு முன் எடுத்தது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், போட வேண்டும். சித்தப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பஜாரில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். “எஸ்எஸ்டி போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன், டேட்டாவுக்கு நான் பொறுப்பில்லை” என்கிறார். அதற்கு நானே செய்துவிடலாமே. 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, இன்று ராத்திரி குளோன் (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும்) சாஃப்ட்வேரை ஓடவிட்டு, காலையில் மாற்றிவிடலாம் என்று திட்டம். எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்? குளோனுக்கு எது நல்லது?

பழைய_போர்டு:

தம்பி, முதலில் அந்த லேப்டாப்பை அணைத்து வையுங்கள். ஸ்லீப் இல்லை, முழு ஷட்டவுன். எஸ்எஸ்டி நாளைக்கும் கடையில் இருக்கும். அந்த டிஸ்க் நாளைக்கு இருக்குமா என்பதுதான் விஷயம்.

குளோன் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்கிறேன். சாதாரண குளோன் சாஃப்ட்வேர் எல்லாம் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டவை. கெட்டுப்போன ஒரு செக்டரில் (டிஸ்க்கின் ஒரு சின்னக் கட்டத்தில்) போய் முட்டினால், டிஸ்க் தனக்குள்ளேயே அதைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். அது தோற்றதும் விண்டோஸ் மறுபடி கேட்கும். தட்டைப் படிக்கும் முனையான ஹெட் அதே இடத்தில் நின்று உழன்றுகொண்டிருக்கும். சில சாஃப்ட்வேர் அங்கேயே எர்ரர் காட்டி நின்றுவிடும். சில சத்தமில்லாமல் தாண்டிப் போகும், எந்த ஃபைலில் ஓட்டை விழுந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதற்கிடையில் விண்டோஸ் சும்மா இருக்காது. லாக் எழுதும், இண்டெக்ஸ் போடும், ஆன்டிவைரஸ் பின்னணியில் ஓடும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் வேண்டாத வேலை எல்லாம் நடக்கும்.

அடுத்தது, போனது டிஸ்க்தானா என்று பார்க்க வேண்டும். நிறைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் நேராக போர்டில் சொருகாது. நடுவில் ஒரு மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் இருக்கும். அது போனாலும் இதே கதைதான்: ஒரு தடவை பூட் ஆகும், ஒரு தடவை ஆகாது. 2012இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ இதற்குப் பேர் போனது. புது எஸ்எஸ்டி போட்ட பிறகும் அதே கோளாறு வந்து தலையைச் சொறிந்தவர்கள் ஏராளம்.

ஆன் செய்தவுடன் வரும் கம்பெனி டெஸ்டை ஓட்டிப் பாருங்கள். எச்பி என்றால் எஃப்2, டெல் என்றால் எஃப்12இல் டயக்னாஸ்டிக்ஸ். ஷார்ட் டெஸ்ட் மட்டும் போதும். லாங் டெஸ்ட் பக்கம் போகாதீர்கள், அது முழு டிஸ்க்கையும் உழும்.

அந்த ‘டிக்’ பற்றி ஒரே ஒரு விஷயம். சீராக டிக், டிக், டிக் என்று அடித்துவிட்டுச் சுற்றுவது நின்றால் ஹெட் போய்விட்டது என்று பொருள். அப்படியானால் இதற்குமேல் வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டாம், ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும்.

கீழவாசல்:

இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. கமாண்ட் ப்ராம்ப்டில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கமாண்ட்) ‘ஆர்’ ஆப்ஷனோடு போட்டு ராத்திரி முழுக்க விட்டால் சரியாகிவிடும். என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்படித்தான் சரி செய்தோம், இன்னமும் ஓடுகிறது. அதுவும் கேட்கவில்லை என்றால் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள்.

பழைய_போர்டு:

செக்டிஸ்க் டிஸ்க்கைச் சரி செய்யாது, ஃபைல் சிஸ்டத்தைத்தான் சரி செய்யும். இரண்டும் வேறு வேறு. எந்த ஃபைலின் பட்டியலைப் படிக்க முடியவில்லையோ அதை அறுத்து, ஃபவுண்ட் என்று ஒரு ஃபோல்டரில் பெயர் இல்லாத துண்டுகளாகப் போட்டு வைக்கும். இதையெல்லாம் அந்தச் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேலேயே எழுதும். டேட்டா பத்திரமாக வெளியே வந்த பிறகு, வேண்டுமானால் பொழுதுபோக்குக்கு ஓட்டிக்கொள்ளலாம்.

ஃப்ரீசர் சமாச்சாரம் 20 வருஷத்துக்கு முந்தையது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருப்பது சில நானோமீட்டர். ஃப்ரீசரிலிருந்து எடுத்து விருதுநகர் வெயிலில் வைத்தால் உள்ளே நீர்த்துளி படியும். அந்த இடைவெளியில் ஒரு துளி போதும், மொத்தமும் காலி.

கீழவாசல்:

எங்களுக்கு வேலை செய்தது, சொன்னேன். அவரவர் இஷ்டம்.

ஆடிட்டர்_ஆபீஸ்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 20ஆம் தேதியை நினைத்து அவசரப்பட்டு டிஸ்க்கைக் கொன்றுவிடாதீர்கள். 3பி தாமதமானால் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், நில் (கணக்கு எதுவும் இல்லாத) ரிட்டர்ன் என்றால் 20. கட்ட வேண்டிய வரி இருந்தால் அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஓரிரு நாளில் குடி முழுகிவிடாது.

தவிர, தேதிக்குள்ளேயே போட வழியும் இருக்கிறது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போட்டிருப்பீர்கள் அல்லவா? அந்த விற்பனைக் கணக்கு போர்ட்டலில் 3பிக்குள் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். கொள்முதல் பக்கம் 14ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் இருக்கிறது. பில் புத்தகத்தை வைத்து ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு யாருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் போடலாம். டேலி அப்புறம் வரட்டும்.

விருதை_மண்டி:

ஆடிட்டர் சார், சித்தப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். இப்போதுதான் சாப்பிடவே உட்கார்ந்தார். ரொம்ப நன்றி.

அண்ணே, பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறது. ஷார்ட் டெஸ்ட் ஃபெயில். சத்தம் தொடர்ச்சியாக இல்லை, எப்போதாவது ஒன்றுதான். உபுண்டு பென் டிரைவ் ஒன்று என்னிடம் இருந்தது, அதில் பூட் செய்து, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரம் பார்த்தேன். 05 என்ற வரியில் 1864, சி5இல் 216, சி6இலும் 216, சி7இல் 0. இதில் எது என்ன?

பழைய_போர்டு:

அருமை. கேபிள் மேல் பழி இல்லை. சி7 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் டேட்டா போகும்போது வரும் தவறுகளின் எண்ணிக்கை. கேபிள் கோளாறு என்றால் அது ஏறிக்கொண்டே போகும், உங்களுக்கு 0.

05 என்பது கெட்டுப்போய், ஸ்பேர் இடத்துக்கு ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை. உங்களுக்கு முக்கியம் இந்த 216தான். செக்டருக்கு 4 கேபி என்றே வைத்தாலும் மொத்தம் 1 எம்பி கூட வராது. அந்த 1 எம்பி டேலி ஃபோல்டருக்குள் இருக்கிறதா, எங்கோ ஒரு விண்டோஸ் அப்டேட் ஃபைலில் இருக்கிறதா என்பதுதான் இப்போதைக்கு உங்கள் அதிர்ஷ்டம்.

டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் பேசுகிறது. வீட்டிலேயே எடுக்கலாம். பென்குயின் அக்கா எங்கே? இது அவர் ஏரியா.

பென்குயின்:

வந்துவிட்டேன். டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள், குனு திட்டத்தைச் சேர்ந்தது. உபுண்டுவில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் கிடைக்கும். சிஸ்டம்ரெஸ்க்யூ பென் டிரைவ் போட்டால் உள்ளேயே இருக்கும். குளோன் சாஃப்ட்வேருக்கும் இதற்கும் வித்தியாசம் என்னவென்றால், இது கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாது. தாண்டிப் போய் நல்ல இடங்களை எல்லாம் முதலில் வாரிக்கொண்டு வரும். எங்கே படித்தது, எங்கே விட்டது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகிறது என்று நீங்களே நிறுத்தினாலும், அதே மேப் ஃபைலைக் காட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முதல் சுற்றை ‘என்’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அது கெட்ட பகுதிகளைச் சுரண்டும் வேலையைத் தள்ளிப்போடும். அது முடிந்த பிறகு மூன்று மறுமுயற்சி என்று கொடுத்து இரண்டாம் சுற்று. 1 டிபி நல்ல டிஸ்க் என்றால் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். உங்களுடையதில் ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். வேகம் திடீரென்று கேபியில் விழும், அப்புறம் ஏறும். பயப்படாதீர்கள்.

இப்படி எடுக்கும் முழு டிஸ்க் நகலை, அதாவது இமேஜை, ஒரே ஃபைலாக வைக்க 1 டிபிக்கு மேல் காலி இடமுள்ள எக்ஸ்டர்னல் டிஸ்க் வேண்டும், யாரிடமாவது 2 டிபி இரவல் வாங்குங்கள். அது ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, அதனால் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 ஆக இருக்க வேண்டும்.

கமாண்டில் முதலில் வருவது மூலம், அடுத்தது இலக்கு. இடம் மாறினால் முடிந்தது கதை, காலி டிஸ்க்கை எடுத்து டேலி மேல் பூசிவிடும். என்டர் தட்டும் முன் டிஸ்க் பட்டியலில் அளவையும் மாடல் எண்ணையும் பார்த்து, பக்கத்தில் யாரையாவது வைத்து வாய்விட்டுப் படியுங்கள். சித்தப்பா இருந்தால் சித்தப்பா.

பழைய_போர்டு:

எல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் அக்காவோடு எனக்கு ஒத்துவராது. முழு இமேஜுக்கு முன்பே டேலி ஃபோல்டரை எடுத்துவிட வேண்டும் என்பேன். டேலி டேட்டா எவ்வளவு இருக்கும்? ஒரு மண்டிக்கு 500 எம்பி தாண்டாது. அதற்காக 1 டிபி உழுது முடிக்கும்வரை காத்திருந்து, 600ஆவது ஜிபியில் டிஸ்க் உயிரை விட்டால்?

பென்குயின்:

ஃபோல்டரைத் திறந்தாலே ஹெட் அங்கும் இங்கும் தாவும். ஃபைல் பட்டியல் ஒரு மூலையில், டேட்டா இன்னொரு மூலையில். டிடிரெஸ்க்யூ நேர்கோட்டில் போவதுதான் டிஸ்க்குக்கு நோகாத வழி. ஹெட் பலவீனமாக இருக்கும் டிஸ்க்கில் ஃபைல் ஃபைலாக எடுக்கப்போய் மொத்தமும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய_போர்டு:

ஹெட் பலவீனமாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. இங்கே ஷார்ட் டெஸ்ட் முடிந்து ரிசல்ட் சொல்கிறது, ஸ்மார்ட் உடனே பதில் தருகிறது, சத்தம் தொடர்ச்சியாக இல்லை. தட்டின் மேற்பரப்பில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். தேவையானது ஒரே ஒரு சின்ன ஃபோல்டர், அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். ஐந்து நிமிட வேலை. கல்யாண ஃபோட்டோ 400 ஜிபி என்று வந்திருந்தால் நானும் இமேஜ்தான் சொல்லியிருப்பேன்.

பென்குயின்:

சரி, இந்தக் கேஸுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டாயம் ரீட் ஒன்லியாக (படிக்க மட்டும், எதுவும் எழுதாதபடி) மவுண்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் 10இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருப்பதால் ஷட்டவுன் செய்தாலும் பார்ட்டிஷன் பாதி திறந்த நிலையில்தான் இருக்கும். லினக்ஸ் அதைப் பார்த்து முரண்டு பிடிக்கும், “சரி செய்யவா” என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு ஃபைல் ஒரு நிமிடத்துக்கு மேல் நகராமல் நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஆடிட்டர்_ஆபீஸ்:

டேலி டேட்டா எங்கே என்று தேட வேண்டாம். டேலிக்குள் டேட்டா பாத் என்ன கொடுத்திருந்தீர்களோ அந்த ஃபோல்டருக்குள், 10000, 10001 என்று எண்ணையே பெயராக வைத்த ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. அந்த எண் ஃபோல்டரை அப்படியே முழுதாக எடுக்க வேண்டும், உள்ளே புகுந்து பொறுக்கக் கூடாது.

லைசன்ஸ் சீரியல் எண்ணையும் எந்த ஈமெயிலில் பதிவு செய்தீர்கள் என்பதையும் இப்போதே தேடி வையுங்கள். புது டிஸ்க், புது விண்டோஸ் என்றால் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும். பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விற்றவருடைய ஈமெயிலே பதிவில் இருக்கும், அவர் ஃபோன் எடுக்க மாட்டார்.

வேகப்பிரியன்:

டேட்டா கதை ஒரு பக்கம் ஓடட்டும். எஸ்எஸ்டி பற்றி யாருமே பேசவில்லையே! 2.5 அங்குல சாட்டா (பழைய வகை இணைப்பு) எல்லாம் போன காலம். நொடிக்கு 550 எம்பிதான் வரும். என்விஎம்இ என்ற புது வகை போட்டால் சாதாரணமாகவே 3500. வாங்குவதே வாங்குகிறீர்கள், என்விஎம்இ வாங்குங்கள்.

பழைய_போர்டு:

வாங்கி எங்கே சொருகுவது? அந்தக் காலத்து ஐ3 லேப்டாப்பில் பலவற்றில் எம்.2 ஸ்லாட்டே, அதாவது கார்டு வடிவ எஸ்எஸ்டி சொருகும் இடமே, கிடையாது. இருந்தாலும் சிலவற்றில் அது சாட்டா மட்டும் பேசும் ஸ்லாட். என்விஎம்இ கார்டு பார்க்க அதே 22க்கு 80 மில்லிமீட்டர்தான். கார்டின் தங்க முனையில் ஒரு வெட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. வாங்கி வந்து சொருகி, பயாஸ் கண்டுகொள்ளவில்லை என்று எஸ்எஸ்டி மேல் பழி போடுவார்கள். அடி மூடியைத் திறந்து பார்க்காமல் எம்.2 எதுவும் வாங்கக் கூடாது.

மற்றபடி 550ஆ 3500ஆ என்பது இந்த மண்டி வேலைக்கு ஒரு பொருட்டே இல்லை. பழைய டிஸ்க் ஏன் ஊர்ந்தது என்று பாருங்கள். லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லிசெகண்ட். ஆக ஒரு சின்ன ஃபைலைத் தொட 17, 18 மில்லிசெகண்ட். நொடிக்கு 60 தடவை தொட்டால் பெரிய விஷயம். 4 கேபி துண்டுகளாக என்றால் நொடிக்கு 240 கேபிதான். விண்டோஸ் பூட் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கில் சின்னத் துண்டுகளைக் கேட்கும். வரிசையாக அடுக்கிய மூட்டையைத் தூக்குவது வேறு, குடோன் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சாம்பிள் பாக்கெட்டைப் பொறுக்குவது வேறு. எஸ்எஸ்டியில் சுற்றவும் ஒன்றும் இல்லை, நகரவும் ஒன்றும் இல்லை. மலிவான சாட்டா எஸ்எஸ்டி கூட நொடிக்குப் பல ஆயிரம் தடவை தொடும். மாற்றம் தெரிவது இங்கேதான், 550இலிருந்து 3500க்குப் போவதில் இல்லை.

வேகப்பிரியன்:

ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வீடியோ எடிட் செய்கிறேன், எனக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

பழைய_போர்டு:

உங்களுக்குத் தெரியும்தான். துவரம்பருப்பு பில்லுக்குத் தெரியாது.

விருதை_மண்டி:

டேலி ஃபோல்டர் வந்துவிட்டது! 10000 முழுசாக, 10001இல் மட்டும் இரண்டு ஃபைல் நகரவில்லை, விட்டுவிட்டேன். 10001 பழைய பார்ட்னர்ஷிப் கணக்கு, அதற்குத் தீபாவளி பேக்கப்பே போதும். இப்போது மச்சானின் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இமேஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபேனை லேப்டாப்புக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

இமேஜ் முடிந்ததும் அதை அப்படியே எஸ்எஸ்டியில் ஏற்றிவிடலாமா? அப்படியானால் சாஃப்ட்வேர் எதையும் திரும்பப் போட வேண்டாமே.

பென்குயின்:

வேண்டாம். முதலில், 1 டிபி இமேஜ் 256 ஜிபிக்குள் நேராக ஏறாது. ஏற்றினாலும், படிக்க முடியாமல் போன அந்த 216 இடங்களில் சில விண்டோஸின் சொந்த ஃபைலாக இருக்கும். இன்றைக்கு ஓடும், ஒரு அப்டேட்டில் காரணமே தெரியாமல் விழும். இமேஜை லினக்ஸில் ரீட் ஒன்லியாகத் திறந்து ஃபோட்டோ, எக்செல், பில் பிடிஎஃப் எல்லாம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் புதிதாகவே ஏறட்டும்.

ஆடிட்டர்_ஆபீஸ்:

10000 முழுசாக வந்தது என்று உடனே நம்பிவிடாதீர்கள். அதை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, நகலை வேறு கம்ப்யூட்டரில் உள்ள டேலியில் திறந்து பாருங்கள். திறக்க மறுத்தால் டேலியிலேயே டேட்டா ரிப்பேர் வசதி இருக்கிறது, அதையும் நகலின் மேல் மட்டும் ஓட்டுங்கள். திறந்தால், கடைசி மாத டிரையல் பேலன்ஸையும் ஜிஎஸ்டிஆர்-1 விற்பனையையும் ஒப்பிடுங்கள்.

பழைய_போர்டு:

எஸ்எஸ்டிக்கு வருவோம். 2.5 அங்குலம், 7 மில்லிமீட்டர் தடிமன், சாட்டா. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்றால் புதியது கொஞ்சம் ஆடும், சில பெட்டியில் அதற்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும். விலை வித்தியாசம் கைக்கு அடங்கினால் 500 ஜிபியே வாங்குங்கள். ஒரே வரிசை எஸ்எஸ்டியில் அளவு கூடினால் ஆயுளும் கூடும். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்குக் கம்பெனி சொல்வது 300 டிபி எழுதும்வரை அல்லது 5 ஆண்டு. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த 300 டிபியைத் தொட 40 வருஷம் ஆகும். மண்டியில் நாளுக்கு 2 ஜிபி எழுதினால் அதிகம். அதனால் எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். 870 ஈவோவில் டிராம் என்ற தற்காலிக நினைவகம் இருக்கிறது. க்ரூஷியல் பிஎக்ஸ்500 போன்ற டிராம் இல்லாத வகையும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும், பெரிய ஃபைலை நகல் எடுக்கும்போது மட்டும் மூச்சு வாங்கும்.

ஆன்லைனில் 2 டிபி, 4 டிபி என்று கேள்விப்படாத பெயரில் பாதி விலைக்கும் கீழே வந்தால் தொடாதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, அளவை மட்டும் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். சென்னை பக்கம் யாராவது வந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில்லோடு வாங்கச் சொல்லுங்கள், இல்லை மதுரையிலேயே கிடைக்கும். எங்கே வாங்கினாலும் முதல் நாளே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாருங்கள். ஓடிய நேரமும் எழுதிய அளவும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால் ஏற்கெனவே யாரோ ஓட்டியது.

மாற்றும்போது: சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். வெளி பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். உள் பேட்டரி என்றால் மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. ஸ்க்ரூவுக்கு பிஎச்0 நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் பெரியதைப் போட்டு அழுத்தினால் தலை மழுங்கிவிடும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்த பிறகும் மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், ரப்பர் காலுக்கு அடியிலும் டிவிடி டிரைவ் பக்கத்திலும் ஒளிந்திருக்கும். மூடியை பழைய சிம் அட்டை அளவுள்ள பிளாஸ்டிக் அட்டையால் நெம்புங்கள், கத்தி வேண்டாம். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று வெள்ளைத் தாளில் லேப்டாப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் முட்டிக்கொண்டு வரும்.

பழைய டிஸ்க்கைச் சுற்றி ஒரு தகரச் சட்டம் இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் எஸ்எஸ்டியில் மாட்டுங்கள். கனெக்டரை நேராக, சமமாகத் தள்ள வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொருகினால் அந்த ‘எல்’ வடிவ பிளாஸ்டிக் நாக்கு உடையும்.

விருதை_மண்டி:

அண்ணே, விண்டோஸுக்குச் சாவி எண் எங்கே இருக்கும்? அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தேய்ந்துவிட்டது.

பென்குயின்:

விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து சாவி பயாஸ் சிப்பிலேயே எழுதித்தான் வருகிறது, டிஸ்க் மாறினாலும் போகாது. மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென் டிரைவில் செய்துகொள்ளுங்கள். சாவி கேட்டால் “என்னிடம் இல்லை” என்று கொடுத்து, முன்பு இருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், தேர்ந்தெடுங்கள். நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. 11க்கு எட்டாம் தலைமுறை இன்டெல் வேண்டும், உங்களுடையது ஒரு படி கீழே. வீட்டு உபயோகக்காரர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை வரும். டேலி மட்டும் இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் போடச் சொல்லியிருப்பேன். எனக்கென்னவோ டேலிக்கு மட்டும் அந்த லேப்டாப், பேங்க் வேலைக்கு வேறு ஒன்று என்று பிரித்துவிடுவது நல்லது என்று படுகிறது.

மூடியைத் திறந்த கையோடு ராமையும் 8 ஆக்குங்கள். பெரும்பாலும் டிடிஆர்4ஆக இருக்கும், இருக்கும் குச்சியின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

புதுவரவு77:

எனக்கும் இதே பிரச்சினை. பதினொன்றாம் தலைமுறை ஐ5, புது என்விஎம்இ போட்டேன். பயாஸில் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது டிரைவே இல்லை என்கிறது. எஸ்எஸ்டி டூப்ளிகேட்டா?

மட்டுறுத்துநர்:

புதுவரவு77, இதே பிரச்சினை இல்லை, தனி இழை தொடங்கவும்.

பழைய_போர்டு:

தொடங்கட்டும், ஆனால் பதில் ஒரு வரிதான், சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் தலைமுறையிலிருந்து இன்டெல் விஎம்டி என்று டிஸ்க்கைக் கையாளும் ஒரு வசதியைப் பல லேப்டாப்பில் ஆன் செய்தே அனுப்புகிறார்கள். விண்டோஸ் பென் டிரைவில் அதற்கு டிரைவர் இருப்பதில்லை. லேப்டாப் கம்பெனி தளத்தில் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ கொடுங்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தும் போடலாம். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் போய் அணைத்தால் பூட் ஆகாது.

விருதை_மண்டி:

10000 திறந்துவிட்டது, ஜிஎஸ்டிஆர்-1ஓடு ரூபாய் பைசா ஒத்துப்போகிறது. இமேஜும் முடிந்தது. எஸ்எஸ்டி நாளைக்கு வருகிறது.

பழைய டிஸ்க்கில் 216 இடம்தானே கெட்டது? ஃபார்மட் செய்து, யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

பழைய_போர்டு:

கூடாது. இன்றைக்கு 216. மேற்பரப்பு உரியத் தொடங்கிவிட்டால் அந்தத் துகளே மற்ற இடத்தையும் கீறும். சினிமா பார்க்கக் கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

பேக்கப்புக்குப் புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும், எஸ்எஸ்டி போடுவதால் இன்னும் கட்டாயம். இந்த டிஸ்க் ஊர்ந்தது, டிக் என்றது, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் படுத்தது. எஸ்எஸ்டியில் கன்ட்ரோலர் போனால் ராத்திரி நன்றாக இருக்கும், காலையில் பயாஸில் பெயரே வராது. டிடிரெஸ்க்யூவுக்குக் கூட அங்கே வேலை இல்லை. அழித்த ஃபைலையும் ட்ரிம் என்ற எஸ்எஸ்டி வசதி துடைத்துவிடும், ஹார்ட் டிஸ்க்கில் தோண்டி எடுப்பதுபோல் எடுக்க முடியாது. தினமும் கடை அடைக்கும் முன் டேலி பேக்கப் ஒன்று பென் டிரைவில், வாரம் ஒன்று கூகுள் டிரைவில். இரண்டு பென் டிரைவ் வைத்து மாற்றி மாற்றி எடுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஆடிட்டர்_ஆபீஸ்:

பழைய டிஸ்க்கை அப்படியே காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். பார்ட்டிகளின் ஜிஎஸ்டி எண், பேங்க் விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. சுத்தியலால் இரண்டு போடு போடுங்கள்.

பழைய_போர்டு:

அந்த 10001க்கு வேறு வழி தேவையில்லை என்று சித்தப்பாவிடம் உறுதி செய்துகொண்டு செய்யுங்கள். ஒரு மாதம் அலமாரியில் கிடந்தாலும் குற்றமில்லை. சுத்தியலை மூடிய டிஸ்க்கின் மேலேயே, ஒரு சாக்கில் சுற்றி அடியுங்கள். காந்தம் எடுக்கும் ஆசையில் மூடியைத் திறந்துவிட்டு அடிக்காதீர்கள். லேப்டாப் டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடிதான், மேலே பூச்சு மட்டும். பார்க்க எவர்சில்வர் மாதிரி இருக்கும், அடித்தால் பொடிப்பொடியாகத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. அடித்ததை ஈ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.